மிஸ்டர் பிம்லாட்டின் புகார்கள்

நெவில் டக்வுட் நாடு வெளியேற வேண்டும் என்று ஓட்டுப் போட்டது ஐரோப்பாவின் மேல் இருந்த கோபத்தால் அல்ல. ஒரு வேலியின் மேல் இருந்த கோபத்தால்.

எங்கள் ஊரான ஹேடில்தோர்ப்பில் கடலை நோக்கிப் போகும் சாலையில் அவருடைய வீடு. பக்கத்து வீட்டில் மிஸ்டர் பிம்லாட். இரண்டு தோட்டங்களுக்கும் நடுவே ஓர் உயிர்வேலி. நெவிலின் மனைவி டினெக்கா ஹாலந்துக்காரி. 1988ஆம் வருடம் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த முதல் வாரமே அந்த வேலியை நட்டாள். மறுநாள் காலை அவள் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது.

‘அன்புள்ள திருமதி டக்வுட், ஹேடில்தோர்ப் உங்களை வரவேற்கிறது. இன்று நீங்கள் நட்ட செடிகளில் மூன்று, என் நிலத்துக்குள் நான்கு அங்குலம் இருக்கின்றன. இப்படிக்கு, கோ. பிம்லாட்.’

பன்னிரண்டடி தூரத்தில் இருப்பவர் கதவைத் தட்டிச் சொல்லக் கூடாதா என்று கேட்கலாம். எங்கள் ஊரில் அது மரியாதைக் குறைவு. நேரில் பார்த்தால் மழையைப் பற்றிப் பேச வேண்டும். மனத்தில் இருப்பதைத் தபால்தலை ஒட்டி அனுப்ப வேண்டும்.

மிஸ்டர் பிம்லாட் ரயில்வேயில் கால அட்டவணை தயாரிக்கும் பிரிவில் இருந்தவர். எந்த ரயிலும் அவருடைய அட்டவணையை மதித்ததில்லை. வேலியும் மதிக்கவில்லை. சட்டம் சொல்லும் ஆறரை அடியைத் தாண்டும்போதெல்லாம் ஓர் அளவு நாடாவோடு வந்து அளந்து, தேதி போட்டு, திருமதி டக்வுட்டுக்கு ஒரு கடிதம். நகல் ஒன்று நகராட்சிக்கு. நகராட்சி அதில் ஒரு முத்திரை குத்தி அவருக்கே திருப்பி அனுப்பிவிடும். அதைத் தவிர வேறு எதுவும் செய்ததாகத் தகவல் இல்லை.

2016ஆம் வருடம் நாட்டுக்கே ஓட்டெடுப்பு வந்தது. ஐரோப்பியக் கூட்டமைப்பில் இருப்பதா, வெளியேறுவதா? நெவில் இதைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசித்ததில்லை. ஆனால் மே மாதம் மிஸ்டர் பிம்லாட் தன் ஜன்னலில் ‘சேர்ந்தே இருப்போம்’ என்று ஓர் அட்டையை மாட்டினார். ஐரோப்பாவில் ரயில்கள் நேரத்துக்கு வருகின்றன என்பது அவருடைய காரணம். நெவில் தினமும் டீக்கோப்பையோடு சமையலறை ஜன்னலில் நின்று அந்த அட்டையைப் பார்த்தார். ஆறு வாரம் பார்த்தார். ஓட்டுச் சாவடியில் நூலில் கட்டியிருந்த பென்சிலை எடுத்தபோது அவர் கண் முன்னால் தெரிந்தது அந்த அட்டைதான். ‘வெளியேற வேண்டும்’ என்ற கட்டத்தில் பேப்பர் கிழியும்படி ஒரு பெருக்கல் குறி போட்டார்.

தேவாலய மண்டபத்தில்தான் சாவடி. டினெக்கா இன்னும் ஹாலந்துப் பிரஜை என்பதால் அவளுக்கு ஓட்டு இல்லை. சாவடி ஊழியர்களுக்கு டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“எதுக்குப் போட்டே?” என்று கேட்டாள்.

“இது ரகசிய ஓட்டெடுப்பு, டினெக்கா.”

“நான் உன் பொண்டாட்டி.”

“பொண்டாட்டிக்கும் ரகசியம்தான். அதுக்குப் பேர்தான் ஜனநாயகம்.”

வாசலில் மிஸ்டர் பிம்லாட் வரிசையில் நின்றிருந்தார். நெவிலைப் பார்த்ததும் வேலியின் அன்றைய உயரத்தைச் சொன்னார். நெவில் பதிலுக்கு ஒரு வார்த்தை சொன்னார். சொன்னது தப்பு என்று இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. தபால் துவாரத்தின் வழியே ஒரு கடிதம் விழுந்தது. கல்யாணமான இத்தனை வருடங்களில் நெவில் தானாகக் குனிந்து தபாலை எடுத்தது அன்று ஒரு நாள்தான். படித்தார். நேரே தோட்டத்துக்குப் போய் உரக்குழியில் உருளைக்கிழங்குத் தோலுக்கு அடியில் புதைத்தார்.

விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தார்.

அடுத்த மூன்று வருடங்களில் லண்டனில் பிரதமர்கள் மாறினார்கள். வெளியேறும் தேதி மாறியது. எதிலிருந்து வெளியேறுகிறோம் என்பதற்கான விளக்கம் வாரத்துக்கு ஒரு தடவை மாறியது. உறுதியாக ஒரே திசையில் முன்னேறியது டக்வுட் வீட்டு வேலி மட்டும்தான்.

2019 பிப்ரவரியில் டினெக்காவுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியது ‘தொடர்ந்து வசிப்போர் உறுதிப்பாட்டு அலுவலகம்’.

‘நீங்கள் எங்கள் சமூகத்தின் மதிப்புக்குரிய உறுப்பினர். நீங்கள் இங்கேயே இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறோம். எனவே, நீங்கள் இங்கே இருந்திருக்கிறீர்கள் என்பதை அறுபது நாட்களுக்குள் நிரூபிக்கவும். தவறினால் முப்பது நாட்களுக்குள் புறப்படவும்.’

டினெக்கா ஒரு முறை படித்துவிட்டு, “இதை எழுதினவனுக்கு உடம்பு சரியில்லையா?” என்று கேட்டாள். அவள் மனத்தில் பட்டதை அப்படியே சொல்பவள். முப்பத்தொரு வருடம் எங்களோடு இருந்தும் அந்தக் குணம் மட்டும் மாறவில்லை.

நெவில் தொலைபேசியை எடுத்தார். ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது’ என்று ஒரு குரல் ஐம்பது நிமிஷம் சொன்னது. பிறகு ஒரு மனிதர் இணைப்பில் வந்தார்.

“ஒவ்வொரு வருஷத்துக்கும் குறைஞ்சது ஒரு தாள் வேணும் சார். உங்க மனைவி பேர், விலாசம், தேதி மூணும் இருக்கணும். கரண்ட் பில் அனுப்பலாம்.”

“கரண்ட் பில் என் பேர்ல இருக்குங்க.”

“தண்ணி வரி?”

“அதுவும் என் பேர்லதான்.”

“அப்போ அந்த வீட்டுல நீங்க தனியா இருந்திருக்கலாம் இல்லையா சார்?”

“கல்யாண சான்றிதழ் இருக்கே!”

“அது கல்யாணத்தன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் ஒரே இடத்துல இருந்தீங்கன்னு மட்டும்தான் காட்டும். அதுக்கப்புறம் நடந்ததுக்கு அது பொறுப்பில்லை. சம்பளச் சீட்டு?”

“இருபது வருஷம் என் அம்மாவைப் பார்த்துக்கிட்டா. அம்மா சீட்டு எதுவும் குடுக்கலை.”

“ஆஸ்பத்திரிக் காகிதம்?”

“அவளுக்கு உடம்புக்கு ஒண்ணுமே வந்ததில்லைங்க.”

“முப்பத்தொரு வருஷமா நம்ம நாட்டுல இருந்துட்டு, ஒரு தடவைகூட டாக்டருக்காகக் காத்திருக்கலையா? சந்தேகமா இருக்கே சார்.”

நூலகத்தில் அவள் பெயரில் ஓர் அட்டை இருந்தது. நூலகத்தைத்தான் காணோம். சிக்கன நடவடிக்கையில் மூடிவிட்டார்கள். தேவாலய மண்டபத்தில் அவள் டீ போட நிற்கும் இடத்தில் தரைவிரிப்பு தேய்ந்து இரண்டு பாதம் தெரியும். நெவில் அதைப் புகைப்படம் எடுத்து அனுப்பினார். ‘பாதங்களில் பெயர், விலாசம், தேதி காணப்படவில்லை’ என்று பதில் வந்தது.

நாடாளுமன்ற உறுப்பினர் சர் ஆம்ப்ரோஸ் கட்லர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மீன் வறுவல் கடைக்கு மேல்மாடியில் மக்களைச் சந்திப்பார். வெளியேறும் பிரசாரத்தை எங்கள் மாவட்டத்தில் நடத்தியவர் அவர்தான். டக்வுட் தம்பதி போய் வாசலில் நீளமாக நின்ற வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றார்கள். பிறகுதான் அது கீழே மீன் வாங்க நிற்கும் வரிசை என்று தெரிந்தது. எங்கள் மக்களுக்கு வரிசையைக் கண்டால் முதலில் நின்றுவிட வேண்டும். எதற்கு என்று கேட்பது அப்புறம். மேல்மாடியில் யாருமே காத்திருக்கவில்லை.

சர் ஆம்ப்ரோஸ் இரண்டு கைகளாலும் டினெக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மிஸஸ் டக்வுட்! உங்க டீயைக் குடிச்சுத்தானே நான் நாலு தேர்தல் ஜெயிச்சேன்! நாங்க வெளிநாட்டுக்காரங்கன்னு சொன்னது உங்களை இல்லைங்க.”

“வேற யாரை?”

“எனக்குத் தெரியாதவங்களை. உங்களைத்தான் எனக்குத் தெரியுமே!”

“அப்போ நான் இங்கேதான் இருந்தேன்னு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்க.”

அவர் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். “அதுல ஒரு சிக்கல் இருக்கு. உங்களை ஒவ்வொரு வருஷமும் பார்த்தேன்னு நான் எழுதினா, ஒவ்வொரு வருஷமும் நான் தொகுதிக்கு வந்தேன்னு ஆகிடும். அதுக்கு என்கிட்ட ஆதாரம் இல்லை.” எழுந்து ஜன்னலருகே போய்க் கடலைப் பார்த்தார். குரல் மேடைக்கு ஏறியது. “இருபது வருஷம் இந்த ஓட்டெடுப்புக்காகப் போராடினேன் டக்வுட். இருபது வருஷம்! ராத்திரி பகல் பார்க்கலை. அதனால ஜெயிச்சா அடுத்து என்ன செய்யறதுன்னு யோசிக்க நேரமே கிடைக்கலை. மக்கள் பெருசா ஒரு முடிவு எடுத்திருக்காங்க. அது என்ன முடிவுன்னு கண்டுபிடிக்க ஒரு குழு போட்டிருக்கோம். கொஞ்சம் பொறுமையா இருங்க.”

“எனக்கு இருபத்தெட்டு நாள்தான் இருக்கு.”

“பிரமாதம்! நாடு வெளியேற எங்களுக்கு அதைவிடக் கம்மி,” என்றார் சர் ஆம்ப்ரோஸ்.

மார்ச் மாதம் முடியும்போது பதினெட்டு நாள் மீதி. டினெக்கா மேசைமேல் தன் பெட்டியைத் திறந்து வைத்தாள். முப்பத்தொரு வருடத்துக்கு முன் கொண்டுவந்த அதே பெட்டி. ஹாலந்தில் அவளுக்கு யாரும் மிச்சமில்லை. அக்கா இரண்டு வருடத்துக்கு முன் போய்விட்டாள். எதைப் பெட்டியில் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. செடி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்தாள், வைத்தாள். மறுபடி வெளியே எடுத்தாள். நெவில் எதிரே உட்கார்ந்து, ஆறிப்போன டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

“நான் உன்கூட வந்துடறேன்,” என்றார்.

“உனக்கு டச்சுல ‘உப்பு’ன்னு சொல்லத் தெரியுமா?”

தெரியாது. மறுபடி கலக்கினார்.

அப்போது தபால் துவாரம் கிளிக் என்றது. டினெக்கா போய் எடுத்து வந்து, நின்றபடியே படித்தாள். ‘அன்புள்ள திருமதி டக்வுட், உங்கள் வேலி இன்று எட்டடி ஓர் அங்குலம்…’ பாதியில் நிறுத்தினாள். உறையைத் திருப்பிப் பார்த்தாள்.

“நெவில், இந்த வீட்டுல என் பேருக்கு வர்ற ஒரே தபால் இதுதான்.”

“கிழிச்சுப் போடு.”

“என் பேர் இருக்கு. விலாசம் இருக்கு. தேதி இருக்கு. உயரம்கூட இருக்கு!” கடிதத்தைப் பெட்டிக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள். “அந்த ஆள் வருஷம் தவறாம எழுதியிருக்கார். நகல் வெச்சிருப்பார். நகல் வெக்கற முகம்தான் அது!”

நெவிலின் கையில் கரண்டி நின்றது. உரக்குழியில் புதைத்த கடிதத்துக்கும் ஒரு நகல் இருக்கும் என்பது அந்த நொடியில்தான் அவருக்கு உறைத்தது.

முப்பத்தொரு வருடத்தில் முதல் முறையாக இருவரும் மிஸ்டர் பிம்லாட்டின் கதவைத் தட்டினார்கள். அவர் திறந்து பார்த்துவிட்டு, யாரோ இறந்துவிட்டார்கள் போல என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றினார். டினெக்கா மூன்று வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னாள். அவர் நெவிலைப் பார்க்கவே இல்லை.

“நானூத்திப் பன்னிரண்டு கடிதம் இருக்கு, மிஸஸ் டக்வுட். எல்லாத்துலயும் நகராட்சி முத்திரை. உங்களுக்கு வருஷ வாரியா வேணுமா, உயர வாரியா வேணுமா?”

“வருஷ வாரியா.”

“ரசீது எழுதிக் கொடுங்க,” என்று உள்ளே போய் ஏழு கோப்புகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அடுத்த நாள் மத்தியானம் டினெக்கா தேவாலய மண்டபத்துக்குக் கிளம்பியபோது, நெவில் “நான் அடுக்கி வைக்கிறேன்” என்று தானாக முன்வந்தார். அவள் அதற்கே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆறாவது கோப்பில் அது இருந்தது. 23 ஜூன் 2016. எடுத்து மழைக்கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டார். அந்த வருடத்துக்கு வேறு ஏதாவது ஒன்று இருக்கும் என்று தேடினார். இல்லை. முந்தின இலையுதிர் காலத்தில் டினெக்கா வேலியை நன்றாகக் குறைத்திருந்ததால் ஜூன் வரை புகாருக்கு இடமில்லை. ஜூலையில் மிஸ்டர் பிம்லாட் வேலியை அளக்க ஏணியில் ஏறி, விழுந்து, இடுப்பெலும்பை மாற்றிக்கொண்டு, கிறிஸ்துமஸ் வரை மகள் வீட்டில் கிடந்தார்.

நானூத்திப் பதினொன்று போதாதா என்று நெவில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒரு கடிதத்துக்கா கழுத்தை அறுக்கப்போகிறார்கள்?

அலுவலகம் நாட்டிங்ஹாமில். எழுதியவரும் சாட்சியாக வர வேண்டும் என்பது விதி. மூவரும் மிஸ்டர் பிம்லாட் தேர்ந்தெடுத்த 8.14 வண்டியில் போனார்கள். அது பதினோரு நிமிஷம் தாமதம். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து அதைக் குறித்துக்கொண்டார். வழி முழுதும் மூவரும் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

அதிகாரி மிஸ் ஓல்டர்ஷாவுக்கு முப்பது வயதிருக்கும். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பேனா வைத்திருந்தார். முதலில் ஓர் அட்டையைப் பார்த்து வரவேற்புரை படித்தார்.

“எங்க நோக்கம் யாரையும் வெளியே அனுப்பறது இல்லைங்க. இங்கேயே இருக்க விரும்பறவங்களுக்கு அதுக்குத் தேவையான எல்லா இடைஞ்சலையும் நியாயமா, பாரபட்சமில்லாம செஞ்சு கொடுக்கறதுதான். போன வருஷம் எங்க சேவை பத்தி யாரும் குறையே சொல்லலை. குறை சொல்றதுக்கான படிவம் இன்னும் அச்சாகலை.”

கோப்புகளைப் புரட்டினார். ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு பச்சை டிக். எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது, தொண்ணூறு. தொண்ணூற்றேழில் நின்று, “இந்த வருஷம் இருபத்தாறு புகாரா?” என்றார்.

“நல்ல மழை அந்த வருஷம்,” என்றார் மிஸ்டர் பிம்லாட்.

“இவ்வளவு ஒழுங்கான ஆதாரத்தை நான் பார்த்ததே இல்லைங்க. சாதாரணமா அன்பானவங்கதான் சாட்சிக்கு வருவாங்க. அவங்க யாருக்கும் தேதி ஞாபகம் இருக்காது.” இரண்டாயிரத்துப் பதினைந்து, டிக். பேனா நின்றது. மிஸ் ஓல்டர்ஷா மஞ்சளை எடுத்தார். பிறகு அதை வைத்துவிட்டுச் சிவப்பை எடுத்தார். “2016 இல்லையே.”

“இருக்கும், பாருங்க,” என்றாள் டினெக்கா.

“இல்லைங்க. ஒரு வருஷம் விட்டுப்போனா தொடர்ச்சி அறுந்துடும். அப்புறம் 2017லேர்ந்துதான் கணக்கு. அதாவது, விதிப்படி நீங்க இந்த நாட்டுக்கு வந்து ரெண்டு வருஷம்தான் ஆகுது.”

“எண்பத்தெட்டுலேர்ந்து இருபத்தெட்டு டிக் போட்டீங்களே!”

“அது நீங்க முன்னாடி ஒரு தடவை இங்கே நீளமா தங்கிட்டுப் போனதுக்கு. நல்லா இருந்திருக்கும்னு நம்பறேன்.” சிவப்புப் பேனாவின் மூடி கழன்றது. “முப்பது நாள் அவகாசம்.”

டினெக்கா திரும்பி மிஸ்டர் பிம்லாட்டைப் பார்த்தாள். “அந்த வருஷம் நீங்க எழுதவே இல்லையா?”

மிஸ்டர் பிம்லாட் கைத்தடியின் பிடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நான் எழுதாம விட்ட வருஷம் கிடையாது, மிஸஸ் டக்வுட். கோப்பை அடுக்கினது மிஸ்டர் டக்வுட். தாள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கலாம். அவர் பொறுமையாப் பார்த்தா கிடைக்கும்.”

பிறகு சுவரில் ஓடிய கடிகாரத்தைத் தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பித்தார்.

நெவிலுக்கு மழைக்கோட்டுக்குள் வியர்த்தது. டினெக்காவின் கை மேசை விளிம்பில் இருந்தது. விரல் நகத்தில் மண். எத்தனை தேய்த்தாலும் போகாத தோட்டத்து மண். சிவப்புப் பேனாவின் முனை காகிதத்தைத் தொடப்போனது.

“இருங்க,” என்றார் நெவில். உள்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து மேசையில் வைத்தார்.

மிஸ் ஓல்டர்ஷா மகிழ்ந்துபோனார். “தாமதமா தாக்கலாகிற ஆவணத்தைச் சம்பந்தப்பட்ட எல்லார் முன்னாலயும் உரக்கப் படிக்கணும்னு விதி.” தொண்டையைச் சரிசெய்துகொண்டு படித்தார்.

“‘அன்புள்ள திருமதி டக்வுட், உங்கள் வேலி இன்று ஆறடி பதினோரு அங்குலம். காலை 10.20 மணிக்குத் தேவாலய மண்டப வாசலில் இதை உங்கள் கணவரிடம் தெரிவித்தேன். அதற்கு அவர், உன் ஜன்னல் அட்டையைப் பார்த்த எரிச்சலுக்காகவே வெளியேறணும்னு போட்டுட்டு வந்துட்டேன், போய்யா, என்றார். நாட்டின் எல்லையைப் பற்றி இவ்வளவு சீக்கிரம் முடிவெடுக்க முடிந்தவர், தன் தோட்டத்தின் எல்லையைப் பற்றியும் ஒரு முடிவு எடுப்பார் என்று நம்புகிறேன். இப்படிக்கு, கோ. பிம்லாட்.’”

படித்து முடித்துவிட்டுப் பச்சைப் பேனாவால் ஒரு டிக் போட்டார். “பேர், விலாசம், தேதி. எல்லாம் சரியா இருக்கு. வாழ்த்துகள் மிஸஸ் டக்வுட்! நீங்க இருக்கலாம்.”

திரும்பி வரும் வண்டியில் யாரும் மழையைப் பற்றிக்கூடப் பேசவில்லை. அன்று வண்டி சரியான நேரத்துக்கு வந்தது. மிஸ்டர் பிம்லாட் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

வீட்டு வாசலில் டினெக்கா சாவியைப் பூட்டில் வைத்தபடி திரும்பினாள்.

“ஐரோப்பா பிடிக்கலேன்னு போட்டிருந்தா, சரி, முட்டாள்னு விட்டிருப்பேன். அந்த சர் ஆம்ப்ரோஸை நம்பிப் போட்டிருந்தா, பாவம்னு விட்டிருப்பேன். ஒரு வேலிக்காகவா, நெவில்?”

“அந்த நேரத்துல…”

“அதுவும் நான் நட்ட வேலி! நீ ஒரு நாள் தொட்டிருக்கியா அதை?”

“மன்னிச்சிடு, டினெக்கா.”

“வெளியேறணும்னுதானே போட்டே?” கதவைத் திறந்து உள்ளே போனாள். “வெளியேறு.”

தோட்டத்தின் கோடியில் கருவிகள் வைக்கும் ஒரு மரக்கொட்டகை இருந்தது. நெவில் அங்கே குடிபோனார். புல்வெட்டும் எந்திரத்துக்கும் உர மூட்டைக்கும் நடுவே ஒரு மடக்குக் கட்டில். முதல் வாரம் அவர் பேச்சுவார்த்தைக்கு முயன்றார். சமையலறை ஜன்னல் வழியே நிபந்தனைகள் வந்தன. காலையில் ஒரு டீ உண்டு, பிஸ்கட் கிடையாது. குளியலறைக்கு வந்து போகலாம், தங்கக் கூடாது. வீட்டுக்குள் நிரந்தரமாகத் திரும்ப வேண்டுமென்றால், முப்பத்தொரு வருடத்தில் வருடத்துக்கு ஒரு வேலையாவது இந்த வீட்டில் செய்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும்.

“கரண்ட் பில் எல்லாம் என் பேர்ல இருக்கே!”

“அது கரண்ட் வந்ததுன்னு காட்டும். நீ எழுந்து விளக்கைப் போட்டேன்னு காட்டாது.”

நெவில் இரண்டு நாள் யோசித்தார். பிறகு வேலியில் ஒரு சந்து தேடி, அதன் வழியே கூப்பிட்டார். “மிஸ்டர் பிம்லாட்! உங்க கடிதத்துல எங்கேயாவது நான் வேலை செஞ்சதா ஏதாவது…”

வேலிக்கு அந்தப் பக்கம் ஏழு கோப்புகளைப் புரட்டும் சத்தம் நெடுநேரம் கேட்டது. கடைசியில் குரல் வந்தது. “1997 ஆகஸ்ட் பதினாலு. ‘நீங்கள் வேலி வெட்டும்போது உங்கள் கணவர் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். தவறாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.’ அது ஒண்ணுதான் இருக்கு.”

“அது போதாதே!”

“போதாதுதான்,” என்றார் மிஸ்டர் பிம்லாட். கோப்பை மூடும் சத்தம் கேட்டது. “இன்னிக்குச் சாயங்காலம் மழை வரும்போல இருக்கு, மிஸ்டர் டக்வுட். அந்தக் கொட்டகை ஒழுகுமா?”

“ஒழுகும்.”

“ஓ,” என்றார். காலடிச் சத்தம் வீட்டுக்குள் போனது.

மூன்றாவது வாரம் டக்வுட் வீட்டுக்கு இரண்டு தபால் வந்தன. இரண்டும் டினெக்கா பெயருக்கு. கதவுக்கு வெளியே, டீக்கோப்பையை நீட்டிக்கொண்டு நெவில் நின்றிருந்தார். அவள் வாசல்படியில் நின்று இரண்டையும் அவருக்குக் கேட்கும்படி படித்தாள்.

முதலாவது நகராட்சியிலிருந்து. முப்பத்தொரு வருடத்தில் அது எடுத்த முதல் நடவடிக்கை. ‘தோட்டக் கொட்டகையில் மனிதர் வசிக்கக் கட்டட அனுமதி பெறப்படவில்லை. எனவே மேற்படி மனிதரைப் பதினான்கு நாட்களுக்குள் முதன்மைக் கட்டடத்துக்குள் எடுத்துக்கொள்ளுமாறு இதனால் உத்தரவிடப்படுகிறது.’

இரண்டாவது பக்கத்து வீட்டிலிருந்து.

‘அன்புள்ள திருமதி டக்வுட், உங்கள் கொட்டகையிலிருந்து மூன்று வாரமாக ஒருவர் குறட்டை விடுகிறார். மழை பெய்யும்போது இருமுகிறார். இது குறித்து நகராட்சிக்குப் புகார் செய்திருக்கிறேன். அவரை உள்ளே எடுத்துக்கொண்டால் எனக்கு நிம்மதியாக இருக்கும். உங்கள் வேலி எட்டடி நான்கு அங்குலம். இப்படிக்கு, கோர்டன்.’

டினெக்கா கையெழுத்தை மறுபடி பார்த்தாள். முப்பத்தொரு வருடமாக ‘கோ. பிம்லாட்’ என்றே போட்டவர். கடிதத்தை மடித்து ஏப்ரன் பையில் வைத்தாள். கதவிலிருந்து ஒதுங்கி நின்றாள்.

“காலைத் தொடச்சிக்கிட்டு வா. அஞ்சு வருஷத்துக்குத்தான். அப்புறம் பார்க்கலாம்.”

நெவில் காலைத் துடைத்தார். இரண்டு முறை துடைத்தார். உள்ளே வந்ததும் அவர் செய்த முதல் காரியம், ஆணியில் தொங்கிய கத்தரிக்கோலை எடுத்ததுதான்.

“நாளைக்குக் காலையில முதல் வேலையா அந்த வேலியை வெட்டி ஆறரை அடிக்குக் கொண்டுவந்துடறேன். அந்த மனுஷனுக்கு நாம அதாவது செய்யணும்.”

டினெக்கா அவர் கையிலிருந்து கத்தரிக்கோலைப் பிடுங்கி இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள்.

“தொட்டே, மறுபடியும் கொட்டகைதான்! அந்த மனுஷன் எழுதறதை நிறுத்திட்டா, நாம ரெண்டு பேரும் இந்த வீட்டுல இருந்தோம்னு யாரு சாட்சி சொல்லுவா?”